சூரியன்ல இருந்து சிறுத்தை வரைக்கும்: நானுஓயா நேச்சர் வாக் பத்தி என் ரிவியூ

இலங்கை மலைநாட்டுல நானுஓயா பக்கத்து தேயிலைத் தோட்டத்துல பொறந்து வளந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரு சேந்து நடத்துற ரெண்டு நாள் நேச்சர் வாக் இது. மொத நாள் தேயிலை மலை, மலைக்கு மேல உள்ள காட்டு ஓரம், அங்கருந்து எறங்குற ஓடை. ரெண்டாவது நாள் வேன்ல அம்பேவெல, பட்டிப்பொல வழியா ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்கா. எல்லாமே தமிழ்லதான். சிறுத்தை காட்டுறோம், படம் எடுக்கலாம்னு எந்த வாக்கும் குடுக்க மாட்டாங்க, புக் பண்றப்பவே "சூரிய வெளிச்சம் எப்படி எலையாகி, புழுவாகி, மரை மானாகி, சிறுத்தையாகி கடைசில சூடா வெளிய போகுதுன்னுதான் காட்டுவோம், அதுக்கு சரின்னா வாங்கக்கா"ன்னு போன்ல சொல்லிட்டாங்க, அந்த நேர்மையே எனக்கு புடிச்சிருச்சு. மக ஏ.எல். பயோ பண்றா, சூழற்றொகுதி பாடம் ஓடிக்கிட்டு இருக்கு, அதான் கூட்டிட்டு போனேன். முடிவ மொதல்லயே சொல்லிடுறேன், படிக்கிற பிள்ளைங்க உள்ள வீட்டுல இருந்து கட்டாயம் போகணும், பிள்ளைங்க இல்லாதவங்களும் போகலாம். குறையும் இருக்கு, அதையும் கீழ எழுதியிருக்கேன்.

தலைக்கு ரெண்டு நாளுக்கும் சேத்து 6500 ரூபா, மாணவருக்கு பாதி, சாப்பாடு அதுக்குள்ளயே வந்துரும், பார்க் டிக்கட் தனி. பத்து பேருக்கு மேல எடுக்க மாட்டாங்க. எங்க கூட்டத்துல ஹட்டன்ல இருந்து ஒரு சயன்ஸ் டீச்சர், பதுளைல இருந்து ஒரு குடும்பம், அப்புறம் கொழுந்து எடுத்தே வயசு போன ஒரு அம்மா, அவங்க மருமகள் கூட வந்திருந்தாங்க. அந்த அம்மா இல்லாட்டி மொத நாள் இவ்வளவு நல்லா போயிருக்காது, அத பின்னாடி சொல்றேன்.

கைட் பண்றது தம்பிதான், அண்ணன் வேனும் சாப்பாடும் பாத்துக்கிறாரு. தம்பி, எது எதத் திங்குதுன்னு படிப்படியா காட்டுற கூம்பகம் எல்லாம் வரஞ்சு ஆரம்பிக்கல. பழைய செடி புடுங்கி போட்டிருந்த ஒரு மலைக்கு கூட்டிட்டு போயி, ஒரு வேர எடுத்து கத்தியால குறுக்க வெட்டி அதுல அயடீன் ரெண்டு சொட்டு விட்டாரு, அப்பவே கருநீலமா ஆயிருச்சு. "இதுதான் சூரியன், மண்ணுக்குள்ள ஒளிச்சு வச்ச சூரியன்"னாரு. மாப்பொருளுக்கு அயடீன் டெஸ்ட் ஸ்கூல்ல எல்லாரும் செஞ்சதுதான், ஆனா அத தேயிலைச் செடிய குட்டையா வெட்டுற கவ்வாத்தோட சேத்து யாரும் எங்களுக்கு சொல்லித் தரல. செடிய கவ்வாத்து வெட்டுனா ஒரு எல கூட மிச்சம் இருக்காது, எல இல்லாட்டி ஒளித்தொகுப்பு இல்ல, அப்ப புதுத்தளிர் எந்த சக்தியில வருது? வேர்ல சேத்து வச்ச அந்த மாப்பொருள்லதான். அது கொறவா இருக்குற நேரம் வெட்டுனா செடி திரும்ப வராம காஞ்சு போயிரும். கீழ்நாட்டு தோட்டங்கள்ல கவ்வாத்துக்கு முன்னாடி கொழுந்து எடுக்காம செடிய கொஞ்ச காலம் சும்மா விடுறதும் இதுக்குத்தான், அங்க சூடு கூட, சூடு கூடுனா செடியோட சுவாசமும் கூடும், சேத்தத அதுவே எரிச்சுப்புடும். நம்ம பக்கம் குளிரு, அதனால வேர்ல சேமிப்பு தங்கும். இத கேட்டதும் அந்த அம்மா "கவ்வாத்து வெட்டி அப்புடியே செத்துப்போன செடி நான் கண்டிருக்கேன் தம்பி, சாமி குத்தம்னு பேசிக்கிட்டாங்க"ன்னாங்க. தம்பி சிரிக்கல, எந்த மலை, எந்த மாசம், அதுக்கு முன்னாடி எவ்வளவு காலம் கொழுந்து எடுத்தாங்கன்னு நிதானமா கேட்டாரு, கடைசில அந்த அம்மாவே "அப்ப செடிக்கு தீனி பத்தலன்னு சொல்லுங்க"ன்னு முடிச்சாங்க.

ஒரு எல மேல விழுற வெளிச்சத்துல எவ்வளவு உள்ள போகுதுன்னு கேட்டதுக்கு மக ஐம்பது வீதம்னு சொன்னா, டீச்சர் பத்துன்னாங்க. உண்மைல செடிக்கு எடுக்கக்கூடிய நெறத்துல வர்றதே மொத்த வெளிச்சத்துல பாதிக்கும் கொறவு, அதுலயும் கொஞ்சம் பட்டுத் தெறிக்குது, கொஞ்சம் ஊடால போகுது, கொஞ்சம் சூடாகிப் போகுது, வருசம் முழுக்க கணக்கு பாத்தா விழுந்ததுல ஒரு வீதம் அளவுதான் சீனியா மாறி செடிக்குள்ள தங்குது. அதுலயும் கிட்டத்தட்ட பாதிய செடி தன்னோட பொழப்புக்கே எரிச்சிருது. மிச்சம்தான் எல, கட்டை, வேர். உலகத்துல புழு பூச்சில இருந்து மனுசன் வரைக்கும் அத்தனையும் அந்த மிச்சத்துலதான் சாப்பிடுது. இத அவரு மலைய கையால காட்டிச் சொல்றப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, தெனம் பாக்குற பச்சைதானே இது.

அப்புறம் கொழுந்து. ரெண்டு எல ஒரு அரும்புன்னு நாம எடுக்குறது செடி தன்னோட புது சக்தில ஒரு பங்க அனுப்புற எடம், அதத்தான் வாரத்துக்கு வாரம் கிள்ளிக்கிட்டே இருக்கோம். நாலு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து காஞ்சு வதங்கிதான் ஒரு கிலோ தூளாகுது, அத காய வைக்க பெக்டரில விறகு எரியுது, அந்த விறகும் ஒரு மரம் வருசக்கணக்கா சேத்த வெயில்தான். இவ்வளவும் போயி கோப்பைல வர்ற பிளேன்டீல சக்தின்னு பாத்தா ஒன்னுமே இல்ல. சீனி போடாத சாயத்துல கலோரி கிடையாதுன்னே சொல்லலாம், குடிச்சதும் ஒடம்புக்கு தெம்பு வர்ற மாதிரி தெரியுதே அது கஃபீனோட வேலை, கலோரி வர்றது சீனில இருந்து. அப்ப மலை ஏறுறதுக்கு சக்தி எங்கருந்து வருது? காலைல தின்ன ரொட்டில இருந்து. ரொட்டி மா எங்கருந்து? கோதுமை இலங்கைல வெளையுறதே இல்ல, அம்புட்டும் கப்பல்ல வருது. ஏதோ ஒரு தேசத்து வயல்ல விழுந்த வெயில் நம்ம மலைல ஒரு பொம்பளையோட கால்ல ஓடி, அவ கையால, நமக்கு கலோரியே குடுக்காத ஒரு சாயத்துக்கான எலையா கூடைல விழுது. தசை எரிக்கிற சக்தில நாலுல ஒரு பங்குதான் வேலையா மாறும், அதுவும் நல்ல நெலமைல, மிச்சம் முழுக்க சூடு. "அதான் பனிக்குள்ள நின்னாலும் முதுகு நனையும்"னு அந்த அம்மா சொன்னாங்க. எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான். எத்தன கிலோன்னு தராசுல நிறுத்து பேர் போடுற நாட்டுல, அந்தக் கிலோவ எடுக்க அந்த ஒடம்பு எவ்வளவு எரிஞ்சுச்சுன்னு யாரும் நிறுக்கிறதில்ல. ரெண்டு நாள்லயும் என்னைய ரொம்பத் தொட்டது இந்த எடம்தான், இந்த ஒன்னுக்காகவே குடுத்த காசு சரி.

மிலாறு, அதாவது கவ்வாத்துல வெட்டி விழுற கொப்பு, அத பத்தி பேசுனதும் நல்லா இருந்துச்சு. கவ்வாத்து வெட்டுன மிலாற மலையிலயே விட்டா அது உக்கி பங்கசுக்கும் பற்றீரியாவுக்கும் மண்புழுவுக்கும் தீனியாகும், அதுல இருந்த நைதரசனும் மத்த உரச்சத்தும் திரும்ப செடிக்கே வரும். லயத்து வீட்டுக்கு தூக்கிட்டுப் போயி அடுப்புல வச்சா அரை மணி நேரத்துல முடிஞ்சுரும், சாம்பல்தான் மிச்சம், நைதரசன் பொகையோட போயிரும். ரெண்டு வழியிலயும் சக்தி கடைசில சூடாத்தான் முடியுது, ஆனா ஒரு வழியில போற போக்குல ஆயிரம் உயிர்கள் சாப்புட்டு வாழுது, மத்ததுல ஒரு பானை சோறு வேகுது. தம்பி யாரையும் குத்தம் சொல்லல, சோறு வேகணுமே. உரச்சத்து சுத்திச் சுத்தி வரும், சக்தி ஒரு பக்கமாத்தான் போகும், திரும்பாதுங்கிற பாயிண்ட்ட இதவிட தெளிவா நான் எங்கயும் கேட்டதில்ல. மக டியூஷன் நோட்ஸ்ல இது ஒத்த வரில இருக்கு, மனப்பாடம் பண்ணியிருந்தா, மலைலதான் வெளங்குச்சுன்னு அவளே சொன்னா.

அதுக்கப்புறம் மரக்கறித் தோட்டம் ஒன்னுல கூட்டெருக் குவியல். கோவா எலை, லீக்ஸ் தழை, மாட்டுச் சாணி எல்லாம் போட்டு மூடி வச்சிருந்தாங்க. ஒரு கம்பிய நடுவுல சொருகி கொஞ்ச நேரம் விட்டு இழுத்து தொடச் சொன்னாரு, புடிக்க முடியாத சூடு. நல்லா வேலை செய்யிற குவியல் அம்பது அறுபது பாகை வரைக்கும் போகுமாம். நுவரெலியா குளிர்ல, நெருப்பே இல்லாம! பிரிகையாக்கிகள், அதாவது உக்க வைக்கிற பங்கசும் பற்றீரியாவும், சாப்பிடுறப்ப வெளிய விடுற சூடுதான் அது, எல சேத்து வச்ச வெயில். சக்தி சூடா வெளியேறுதுன்னு புக்குல அம்புக்குறி போட்டிருக்கே, அந்த அம்புக்குறிய கையால தொட வைக்கிற டூர் வேற எதாவது இருக்கான்னு எனக்கு தெரியல. பதுளைல இருந்து வந்த சின்னப் பையன் அந்தக் குவியல விட்டு நகரவே மாட்டேன்னுட்டான்.

காட்டு ஓரம் ஏறுறப்ப அட்டை. நுவரெலியா மாவட்டத்துல அட்டை இல்லாத காடு எங்க இருக்கு. தம்பி ஒரு கேள்வி போட்டாரு, இந்த அட்டை எந்த போசணை மட்டம், அதாவது சாப்பாட்டுச் சங்கிலியில எத்தனாவது படி? மரையக் கடிச்சா ரெண்டாந்தர நுகரி, மரை புல்லு திங்கிறதுனால. நம்மளக் கடிச்சா? காலைல நெத்திலி கருவாடு சம்பல் சாப்புட்டவங்க ரத்தமும் ரொட்டி மட்டும் சாப்புட்டவங்க ரத்தமும் கணக்குக்கு ஒன்னில்லையே. டீச்சரும் மகளும் அத பிடிச்சுக்கிட்டு பாதி தூரம் வாக்குவாதம். உண்மைல பெரும்பாலான விலங்குகள ஒரு படியில நிறுத்தி வைக்க முடியாது, அதனாலதான் சங்கிலின்னு சொல்றதவிட வலைன்னு சொல்றது. அட்டை ஒரு தடவை வயிறு நெறஞ்சா மாசக்கணக்கா சாப்பிடாம இருக்கும், குளிர் ரத்தப் பிராணி, ஒடம்ப சூடா வச்சிக்க அது எதையும் எரிக்க வேண்டியதில்ல. மூஞ்சூறு அதுக்கு நேரெதிர், சின்ன ஒடம்பு, சூடு சீக்கிரம் போயிரும், தின்னுக்கிட்டே இருந்தாத்தான் உயிர்.

காட்டுக்குள்ள அவரு மேல பாக்க விடவே இல்ல, கீழதான் பாக்கணும். காஞ்ச எல மெத்தைய விலக்குனா வெள்ளை நூல் மாதிரி பங்கசு, மரவட்டை, அதுக்கடில கருப்பு மண். காட்டுல உண்டாகுற எலையில உயிரோட மேயுறது சின்னப் பங்குதான், ரொம்பக் கூடுதலான பங்கு, பல காடுகள்ல பத்துல ஒன்பது பங்கு, விழுந்து உக்கித்தான் அடுத்த உயிருக்குப் போகுது. புல்-மான்-புலின்னு நாம படிக்கிற சங்கிலி காட்டுல ஓடுற மொத்த சக்தில ஒரு ஓரத்து வாய்க்கால். பெரிய ஆறு நம்ம காலுக்கடில ஓடுது. ஓடையிலயும் அதே கதை, மரம் மூடியிருக்கிற ஓடையில வெயில் விழாது, பாசி அதிகம் வராது, அப்ப அதுல இருக்குற நண்டும் இறாலும் பூச்சிப் புழுவும் எத நம்பி இருக்கு? மேல இருந்து விழுற எலைய நம்பித்தான். ஊறுன எல ஒன்ன எடுத்து வெளிச்சத்துக்கு புடிச்சு காட்டுனாரு, நரம்பு மட்டும் மிச்சம், சதை முழுக்க தின்னாச்சு. ஓடை ஓரத்து மரத்த வெட்டுனா தண்ணில இருக்குற உயிரும் போகும்னு அப்பதான் சரியா வெளங்குது.

மத்தியானம் மழை புடிச்சிருச்சு, பழைய பெரட்டுக்களத்து கொட்டகைல ஒதுங்குனோம். சாப்பாடு சோறு, பருப்பு, கோவா சுண்டல், கருவாட்டுப் பொரியல், சூடா இருந்துச்சு, நல்லா இருந்துச்சு. மழை விடாததால அங்கயே பாடம். ரேமண்ட் லின்டெமன்னு ஒரு அமெரிக்க இளைஞர், மினசோட்டால சீடார் பொக் லேக்னு ஒரு சின்ன ஏரிய வருசக்கணக்கா அளந்தவரு, ஒவ்வொரு மட்டத்துலயும் எவ்வளவு சக்தி இருக்கு, மேல போறப்ப எவ்வளவு கொறயுதுன்னு மொதமொதல்ல கணக்கா எழுதுனவரு. கட்டுரைய மொதல்ல வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க, ஹட்சின்சன்கிற பேராசிரியர் அதுக்காக வாதாடி அப்புறம்தான் ஏத்துக்கிட்டாங்க, 1942ல அது அச்சுல வர்றதுக்குள்ள லின்டெமன் செத்துப்போனாரு, வயசு 27. கொட்டகைல ஒரு நிமிசம் யாரும் பேசல.

அடுத்து ஹவர்ட் ஓடம் புளோரிடால சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊத்துல அளந்து 1957ல போட்ட கணக்கு. கரித்துண்டால சிமெந்து தரைலயே எழுதுனாரு. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வருசத்துக்கு செடிங்க பிடிச்ச சக்தி 20,810 கிலோகலோரி. செடிங்க தங்களுக்கே எரிச்சது போக மிச்சம் 8,833. தாவரம் திங்கிறதுகளுக்கு வந்தது 3,368. அதுகளத் திங்கிறதுகளுக்கு 383. உச்சில இருக்குறதுக்கு 21. இருபதாயிரத்துல ஆரம்பிச்சு இருபத்தொன்னுல முடியுது! ஒரு மட்டத்துல இருந்து அடுத்ததுக்கு பத்துல ஒரு பங்கு சக்திதான் போகும்னு சொல்ற பத்து வீத விதிய இப்ப வச்சு பாருங்கன்னாரு. மக போன்ல வகுத்துப் பாத்தா, மொதப் படி, 20,810ல இருந்து 3,368க்கு, 16 வீதம், அடுத்தது 11, கடைசி ஐஞ்சரை. பத்துங்கிறது ஒரு சராசரி மாதிரித்தான், எடத்துக்கு எடம், உயிருக்கு உயிர் மாறும், பரீட்சைல பத்துன்னு எழுதுங்க ஆனா காட்டுக்குப் போனா அளந்து பாருங்கன்னாரு. டீச்சர் அந்தத் தரைய அப்புடியே போட்டோ எடுத்துக்கிட்டாங்க, நானும் எடுத்தேன்.

ரெண்டாவது நாள் விடியுறதுக்கு முன்னாடியே வேன். அம்பேவெலல ரோட்டோரம் நிறுத்தி மாடு மேயுறத பாக்கச் சொன்னாரு, விடியக்காலைக் குளிர்ல ஒவ்வொரு மாட்டு மூக்குல இருந்தும் பொகை மாதிரி மூச்சு. அந்தச் சூடெல்லாம் புல்லு. அதோட மாடு ஏப்பத்துல மெதேன் வாயுவாவும் தின்ன சக்தில நூத்துக்கு ரெண்டுல இருந்து பன்னெண்டு பங்கு வரைக்கும் போயிருதாம், வயித்துல புல்ல ஒடைக்கிற நுண்ணுயிர்கள் பண்ற வேலை. இதெல்லாம் போகத்தான் பால். அஞ்சு நிமிசம்தான் நின்னோம், அதுவே போதும்.

ஹோர்ட்டன் சமவெளி பத்தி எல்லாருக்கும் தெரியும், 1988ல தேசிய பூங்கா ஆக்குனாங்க, 2010ல சிவனொளிபாதமலை காடு, நக்கிள்ஸ் கூட சேத்து மத்திய மலைநாடுன்னு யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு, கடல் மட்டத்துல இருந்து 2,100 மீட்டருக்கு மேல, மகாவலி களனி வளவை மூணுக்கும் தலைத்தண்ணி அங்கருந்து வருது. வாசல்ல பிளாஸ்டிக் கவர், போத்தல் லேபல் எல்லாம் பிரிச்சு வாங்கிருவாங்க, சாப்பாட்ட டப்பாவுல கொண்டு போங்க. பூங்காவுக்குள்ள ஃபார் இன்ங்கிற கட்டடத்துகிட்ட மரை ஒன்னு மனுசருக்குப் பயமே இல்லாம நின்னுச்சு, ஒரு குடும்பம் பிஸ்கட் நீட்டுனாங்க, தம்பி போயி கையெடுத்து கும்பிட்டு நிறுத்தச் சொன்னாரு. வெளியில இருந்து தீனி வந்தா அந்த மிருகம் புல்ல விட்டுட்டு ரோட்ட நம்பி நிக்கும், கவரையும் சேத்துத் திங்கும்.

பொதுவா எல்லா வேனும் உலக முடிவுங்கிற செங்குத்துப் பாறை விளிம்பப் பாக்கத்தான் ஓடுது. எங்க தம்பி புல்வெளிலயே ரொம்ப நேரம் வச்சிக்கிட்டாரு, எனக்கு அதுதான் சரின்னு படுது. அந்தப் புல்லுக்கடில மண் அவ்வளவு கருப்பு, ஏன்னா குளிர்ல பிரிகையாக்கிகள் மெதுவாத்தான் வேலை செய்யும், வருசக்கணக்கா உக்காம சேந்த சக்தி அது. பக்கத்துக் காட்டுல மரமெல்லாம் குட்டையா, எல தடிச்சு சின்னதா, மேலெல்லாம் பாசி. பனி மூடி வெளிச்சம் கொறவு, குளிரு, காத்து, அப்ப உற்பத்தியும் கொறவு. அடிமட்டத்துலயே கொறவா இருந்தா மேல எத்தன பேருக்குத்தான் சாப்பாடு கெடைக்கும்? அங்கதான் ஒரு கொப்புல மூக்குல கொம்பு வச்ச ஓணான் ஒன்ன காட்டுனாரு, உலகத்துல இலங்கை மலைநாட்டுல மட்டும் இருக்குற இனம், அசையாம இருந்துச்சு. குளிர் ரத்தம், சாப்பிட்டதுல நல்ல பங்கு ஒடம்பாவே மாறும். பூச்சிங்களுக்கு உள்ள எடுத்ததுல நாப்பது வீதம் வரைக்கும் ஒடம்பாகும், மரை மாதிரி வெப்ப ரத்தப் பிராணிக்கு ஒன்னுல இருந்து மூணு வீதம்தான், மிச்சம் அந்தக் குளிர்ல சூடா இருக்கவும் நடக்கவும் போயிரும். அப்ப ஒரு சிறுத்தை உயிரோட இருக்கணும்னா அதுக்குக் கீழ எத்தன மரை, அதுக்குக் கீழ எவ்வளவு புல்வெளி வேணும்னு நெனச்சுப் பாருங்க. சிறுத்தை எண்ணிக்கை கொறவா இருக்குறதுக்கு மொதக் காரணம் இந்தக் கணக்குதான். இந்தக் கணக்குல இருந்து ஒன்னு போனாலும் அது பெரிய இழப்பு.

அதனாலதான் 2020 மே மாசம் நல்லதண்ணி பக்கம் தோட்டத்துல கம்பியில மாட்டி செத்த கருஞ்சிறுத்தை பத்தி அவரு பேசுனப்ப எல்லாருக்கும் தொண்டைய அடைச்சுச்சு. பன்னிக்கு வைக்கிற கம்பி, மாட்டுறது சிறுத்தை. தோட்டத்துல சிறுத்தை வர்றது நாயப் புடிக்கன்னு நம்ம ஆளுங்களுக்குத் தெரியும், அந்த நாய் திங்கிறது லயத்து மிச்சச் சோறு, அந்த அரிசி பொலன்னறுவை பக்கத்து வயல்ல வெளஞ்சிருக்கும். அப்ப அந்தச் சிறுத்தை உடம்புல கொஞ்சம் பொலன்னறுவை நெல்லும் ஓடுது. காட்டையும் தோட்டத்தையும் கோடு போட்டு பிரிச்சு வச்சிருக்கிறது நாமதான், சக்தி அந்தக் கோட்ட கணக்குலயே எடுக்காது. மிச்சச் சோத்த கண்ட எடத்துல கொட்டாம மூடி வச்ச கூட்டெருக் குழில போட்டா நாய்க் கூட்டம் கொறயும், சிறுத்தை வீட்டு வாசல் வரைக்கும் வர்ற வேலையும் கொறயும்னு அவரு சொன்னது எனக்கு ரொம்ப சரியாப் படுது, எங்க லைன்ல இத பேசப் போறேன்.

ஹோர்ட்டன் சமவெளில ஒரு காலத்துல யானை இருந்திருக்கு, பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்கு பேரு குடுத்த சாமுவேல் பேக்கர் யானையும் மரையும் வேட்டையாடுன ஆளு. அப்புறம் ஒரு காலம் உருளைக்கிழங்கு கூட போட்டிருக்காங்க. உலக முடிவுல நாங்க போனப்ப முழுக்க பனி, ஒன்னும் தெரியல.

இப்ப குறை. கையில குடுக்குற தமிழ்ப் பேப்பர் சுமார். அதுல கூம்பகத்துக்கு வெளிய ஒரு மூலையில சின்ன எழுத்துல "பிரிகையாக்கிகள்"னு போட்டு ஒரு அம்புக்குறி, அவ்வளவுதான். காட்டுல சக்தில பெரும்பங்கு காலுக்கடிலதான் ஓடுதுன்னு ரெண்டு மணி நேரம் காட்டிட்டு பேப்பர்ல அத மூலையில தள்ளுனா எப்புடி? பத்து வீதமும் அதுல கண்ணை மூடிக்கிட்டு போட்டிருக்கு, தரைல எழுதுன ஓடம் கணக்க அந்தப் பேப்பர்லயே போட்டிருந்தா பிள்ளைங்க வீட்டுக்கு கொண்டு போயிருக்கும். தம்பிகிட்ட சொன்னேன், அடுத்த தடவைக்கு மாத்துறேன்னாரு, மாத்துவாருன்னு நம்புறேன். ரெண்டாவது நாள் கடைசிப் பகுதி அவசரம், ஒன்பதரைக் கிலோமீட்டர் சுத்துல பின்பாதில ஒன்னும் விளக்காம நடக்க வச்சாங்க, மூணு நாளா பிரிச்சா சரியா இருக்கும். மொத நாள் ராத்திரி வெள்ளைத் துணி கட்டி அந்துப்பூச்சி காட்டுறதா இருந்துச்சு, மழையில நடக்கல, அதுக்கு பதிலா வேற எதுவும் வைக்கல. மலைல டொய்லட் வசதி கெடையாது, பொம்பளைங்க அத கேட்டுக்கிட்டு போங்க. அந்த அம்மா மாதிரி வயசானவங்களுக்கு மொத நாள் மட்டும் வர்ற மாதிரி ஒரு கொறஞ்ச டிக்கட் இருந்தா நல்லது, அவங்க ரெண்டாவது நாள் வரல, ஆனா முழுக் காசும் கட்டியிருந்தாங்க. இத மட்டும் நான் கொஞ்சம் கடுமையாவே சொல்லுவேன், ஏன்னா மொத நாள் பாடத்துல பாதிய நடத்துனது அவங்கதான்.

விஞ்ஞானப் பிரிவு உள்ள தோட்டப்புற ஸ்கூல் கொறவு, இருக்குற எடத்துலயும் பிள்ளைங்க காட்ட புக்குலதான் பாக்குது, காடு ஸ்கூல் பின்னாடியே இருக்கும். அதனால டீச்சர்மாரு வகுப்பா கூட்டிட்டுப் போகணும்னு கேக்குறேன், வகுப்பா வந்தா இன்னும் கொறைச்சு தர்றதா அண்ணன் சொல்றாரு. பத்து வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு மொத நாள் போதும். ஏப்ரல் சீசன்ல போகாதீங்க, நுவரெலியா ரோடு முழுக்க வேன், சமவெளி வாசல்லயும் நீள வரிசை. ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் மழை கொறவு, ஆனா விடியக்காலை சரியான குளிரு, புல்லுல உறைபனி கூட இருக்கும், பிள்ளைங்களுக்கு தொப்பியும் ரெண்டு ஜோடி சொக்ஸும் கட்டாயம். அட்டைக்கு சவர்க்காரத்த கால்ல தடவிட்டுப் போங்க. அயடீன் போத்தல் அவங்ககிட்ட ஒன்னே ஒன்னுதான் இருக்கு, வகுப்பா போறவங்க ஸ்கூல் லேப்ல இருந்து ஒன்னு எடுத்துட்டுப் போனா ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியா செஞ்சு பாக்கலாம்.